ஊசியா, வலையா, உறிஞ்சு குழாயா? பக்கவாதத்தில் ரத்தக்கட்டியை எடுக்கும்போது குழாய்க்கு என்ன ஆகிறது

"அண்ணா, உள்ள கம்பி விட்டு இழுத்தா நரம்பு கிழிஞ்சிடும்னு சொல்றாங்களே, நெசமா?"

கேத் லேப் (ரத்தக்குழாய்க்குள் கம்பி விட்டுச் சிகிச்சை செய்யும் அறை) வாசலில் இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. கடைசியாகக் கேட்டவர் ஏற்காடு நாகலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண். காபித் தோட்டத்தில் வேலை பார்க்கும் அவருடைய அப்பாவுக்கு வலது கை கால் விழுந்து, பேச்சு நின்று, மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. டாக்டர் ஐந்தே நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார்: ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டாயிற்று, அடைப்பு பெரிய குழாயில், இடுப்பு வழியாகப் போய் எடுக்க வேண்டும், கையெழுத்துப் போடுங்கள். போனில் சித்தப்பா, "ஊசியிலயே கரைஞ்சிடும், கையெழுத்துப் போடாதே" என்கிறார். மாமா ஒருவர், "எதுக்கும் கோயம்புத்தூர் கொண்டு போயிடலாம்" என்கிறார். படிவத்தைப் பிடித்த கை நடுங்குகிறது.

நான் சேலத்தில் கேத் லேப் டெக்னீஷியன். டாக்டர் இல்லை. ஆனால் திரையில் அந்தக் குழாய்களைத் தினமும் பார்க்கிறவன். அந்தப் பெண்ணுக்கு நின்று பதில் சொல்ல அன்றைக்கு எனக்கு நேரமில்லை. அந்தப் பதில்தான் இது. இதே படிவத்தோடு நாளைக்கு நிற்கப்போகிறவர்களுக்கும் சேர்த்து.

முதலில் இரண்டு சொற்கள். நம் ஊரில் ரத்தக்குழாயையும் 'நரம்பு' என்றுதான் சொல்வோம். இங்கே பேச்சு ரத்தக்குழாயைப் பற்றி. 'கட்டி' என்றதும் கேன்சரா என்று பதறியவர்களும் உண்டு. இது குழாய்க்குள் உறைந்துபோன ரத்தம், அவ்வளவுதான்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

எந்தக் கருவி என்பதை டாக்டர் முடிவு செய்வார். குடும்பத்தின் கையில் இருப்பவை இரண்டு: சம்மதிப்பதா வேண்டாமா, இங்கேயா வேறு ஊரிலா. இந்த இரண்டையும் தீர்மானிக்க நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன்.

1. அந்தக் குழாயில் அந்தக் கட்டியைத் திறக்க இந்த வழிக்குத் தெம்பு இருக்கிறதா?
2. குழாயின் சுவருக்கு அந்த நேரத்திலும் பின்னாலும் என்ன சேதம்?
3. மூளைக்குள் ரத்தம் கசியும் ஆபத்து எவ்வளவு?
4. எவ்வளவு நேரம் பிடிக்கும்?
5. சரிப்படவில்லை என்றால் அடுத்து என்ன, அதற்கு யார் பணம் கட்டுவது?

நாலாவதை வெறும் வசதிக் கணக்காக நினைக்க வேண்டாம். பெரிய குழாய் அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் மூளைச் செல்கள் போகின்றன என்பது 2006-இல் போட்ட கணக்கு. ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி அடிவாரம், கோரிமேடு தாண்டி ஆஸ்பத்திரி வர முக்கால் மணி நேரம் என்று வைத்தால், எட்டரைக் கோடி. கோடை விழா நேரத்தில் டூரிஸ்ட் வண்டிகளுக்கு நடுவே இறங்கினால் கணக்கு இன்னும் ஏறும்.

## ஒன்றும் செய்யாமல் விட்டால்?

இதை யாரும் ஒரு வழியாக எண்ணுவதில்லை. ஆனால் "யோசிச்சு சொல்றோம்" என்று அரை மணி நேரம் போனால் எடுத்த முடிவு இதுதான்.

கட்டி சும்மா உட்கார்ந்திருப்பதும் குழாய்க்குக் காயம்தான். அடைப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் நுண்குழாய்களும் ரத்தம் இல்லாமல் பட்டினி கிடக்கின்றன. அவற்றின் உள்பூச்சுச் செல்கள் வீங்கி, ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருக்கும் பிணைப்பு தளர்ந்துபோகிறது. பிறகு எந்த வழியில் திறந்தாலும் திடுமென்று பாயும் ரத்தம் அந்தத் தளர்ந்த குழாய்களின் வழியே வெளியே கசியும். தாமதமாகத் திறந்த மூளையில் ரத்தக்கசிவு கூடுவதற்கு இது முக்கியக் காரணம். பழியை மட்டும் கம்பி சுமக்கிறது.

## ஊசி மட்டும்

ஊசி மருந்து ஆல்டிபிளேஸ் என்றால் உடல் எடையில் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், அதிகபட்சம் 90. பத்தில் ஒரு பங்கை உடனே தள்ளிவிட்டு மீதியை ஒரு மணி நேரம் ஏற்றுவார்கள். டெனெக்டிபிளேஸ் என்றால் ஒரே தள்ளல். அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள். 1995-இல் வந்த அமெரிக்க ஆய்வில் முதல் மூன்று மணி நேரத்துக்குப் பலன் நிரூபணமாயிற்று. 2008-இல் ஐரோப்பிய ஆய்வு அதை நாலரைக்கு நீட்டியது.

"ஊசி குழாயைத் தொடாது" என்பது சித்தப்பாக்களின் வாதம். பாதி உண்மை. பெரிய குழாயின் சுவரை அது உரசுவதில்லை. ஆனால் கட்டியைக் கரைக்கிற அதே வேதிவேலை நுண்குழாய்களின் பிணைப்பையும் தளர்த்துகிறது. 1995 ஆய்வில் ஊசி போட்டவர்களில் 6.4 சதவீதம் பேருக்கு, நிலைமை மோசமாகும் அளவுக்கு மூளையில் ரத்தம் கசிந்தது, போடாதவர்களில் 0.6. அப்படியிருந்தும் மொத்தத்தில் ஊசிக்காரர்களே நன்றாகத் தேறினார்கள். இன்னொன்று: ராமிப்ரில், எனலாப்ரில் மாதிரி பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஊசிக்குப் பிறகு நாக்கு, உதடு வீங்கலாம். மாத்திரை அட்டையை மறக்காமல் எடுத்து வாருங்கள்.

பெரிய சிக்கல் கட்டியின் நீளம். 8 மில்லிமீட்டரைத் தாண்டிய கட்டி ஊசியில் கரைவது அபூர்வம் என்று 2011-இல் ஒரு ஜெர்மன் ஆய்வு காட்டியது. சொட்டுநீர்க் குழாயில் உப்பு படிந்தால் ஆசிட் விட்டுக் கழுவலாம். பெரிய பைப்பில் கல்லே வந்து அடைத்துக்கொண்டால் ஆசிட்டுக்கு அங்கே வேலையில்லை. கழுத்துக் குழாய் தலைக்குள் முடியும் இடத்திலும், அதிலிருந்து கிளம்பும் நடுப் பெருமூளைத் தமனியின் தொடக்கத்திலும் அடைப்பு என்றால் ஊசியை மட்டும் நம்பி உட்காருவது நல்ல பந்தயம் இல்லை.

எப்போது இது போதும்: சிறு கிளையில் அடைப்பு, அறிகுறி லேசு, நேரம் உள்ளே இருக்கிறது. இதில் 2025 ஒரு திருப்பம். நடுத்தர, சிறு குழாய்களிலும் கட்டியை இழுத்து எடுக்கலாமே என்ற ஆசை உலகம் முழுக்க இருந்தது. அந்த ஆண்டு வெளியான டிஸ்டல், எஸ்கேப் மெவோ என்ற இரண்டு ஆய்வுகளிலும் மருந்தை மட்டும் கொடுத்தவர்களைவிட இழுத்தவர்கள் நன்றாகத் தேறவில்லை. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. மூன்று மில்லிமீட்டர் குழாய் தாங்குகிற உரசலை ஒன்றரை மில்லிமீட்டர் குழாய் தாங்காது. கிளைக்குழாய்க்கு டாக்டர் "வேண்டாம், பார்க்கலாம்" என்றால் பணத்துக்காகத் தட்டிக் கழிப்பதாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

## வலை: ஸ்டென்ட் ரிட்ரீவர்

தொடையிடுக்கிலோ மணிக்கட்டிலோ தமனியில் துளையிட்டு, கழுத்து வரை ஒரு பெரிய பிளாஸ்டிக் குழாய். அதற்குள் மெல்லிய பிளாஸ்டிக் குழாய். அதற்குள் முடி போன்ற கம்பி, கால் மில்லிமீட்டரைவிடச் சற்றுத் தடிமன். கம்பி கட்டியைத் துளைத்து அந்தப் பக்கம் போகும். பிறகு மெல்லிய குழாயைப் பின்னால் உருவினால் மடங்கியிருந்த வலை கட்டிக்குள்ளேயே விரியும். சில நிமிடம் விடுவோம், கட்டி கண்ணிகளில் சிக்கிக்கொள்ளட்டும் என்று. அப்புறம் மெதுவாக ஒரே இழுப்பு.

குழாய்க்கு என்ன ஆகிறது? மூன்று கட்டமாகப் பாருங்கள்.

முதல் கட்டம், துளைத்துப் போவது. கட்டிக்கு அந்தப் பக்கம் எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் தெரியாது, ரத்தம் ஓடினால்தானே படத்துக்காக விடும் சாயம் போகும்? டாக்டர் குருட்டாம்போக்கில், கை உணர்வில்தான் கம்பியை ஓட்டுகிறார். குழாயில் ஓட்டை விழுந்தால் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அரிது, ஆனால் நடந்தால் பெரிய ஆபத்து.

இரண்டாவது, விரிவது. மூன்று மில்லிமீட்டர்க் குழாயில் நாலு அல்லது ஆறு மில்லிமீட்டர் வலை விரிகிறது. வலை சுவரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, இழுப்பது. பாவாடைக்கு நாடா கோத்திருக்கிறீர்களா? நடுவில் முடிச்சு சிக்கிக்கொண்டால், நாடாவை இழுக்க இழுக்கத் துணி சுருண்டு கூடவே வரும். அதேதான். மூளையின் தமனி கைகாலில் இருப்பது போலத் தசைக்குள் பொதிந்து கிடப்பதில்லை. மூளையைச் சுற்றியுள்ள நீரில் தொங்குகிறது. சுவரும் மெல்லியது. உடம்பின் மற்றத் தமனிகளில் இருக்கும் வெளிப்புற மீள்தன்மைப் படலம் இங்கே இல்லை. இழுக்கும்போது வளைந்த குழாய் நிமிர்ந்து, இடம் பெயர்ந்து, விட்டதும் திரும்பிப் போவதைத் திரையில் கண்ணால் பார்க்கலாம். அதிலிருந்து பிரியும் முடி போன்ற கிளைகள் அப்போது இழுபடும். ஒன்று அறுந்தாலும் மூளையின் மேற்பரப்பில் ரத்தம் பரவும்.

சுவரின் உள்பூச்சு ஓரளவு உரிவது கிட்டத்தட்டத் தவிர்க்க முடியாதது. பன்றித் தமனிகளில் செய்த சோதனைகளில் வலை போன தடத்தில் உள்பூச்சு உரிந்திருந்ததும், சில இடங்களில் நடு அடுக்கு வரை காயம் போயிருந்ததும் தெரிந்தது. மனிதர்களில் நுண்ணிய எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தபோது வலை போட்ட குழாயின் சுவர் சுற்றிலும் வளையமாகப் பளிச்சிட்டது. ஊசி மட்டும் போட்டவர்களிடம் அது குறைவு. அது சுவரின் அழற்சி. உரிந்த உள்பூச்சு நாள்கள், வாரங்களில் மெல்ல வளர்ந்து மூடிவிடும். சிலருக்கு மட்டும் அதே இடம் தடித்து, மாதங்கள் கழித்துக் குழாய் ஒடுங்குகிறது. பெரும்பாலும் அறிகுறி இருக்காது.

அந்த நேரத்தில் கண்ணில் படுவது ஸ்பாசம். எரிச்சல்பட்ட குழாய் தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும். நாகலூர் அப்பாவுக்கு இரண்டாவது இழுப்புக்குப் பிறகு படம் போட்டபோது தமனி தையல் நூல் மாதிரி இருந்தது. புதிதாக வந்த நர்ஸ், "மறுபடி அடைச்சுக்கிச்சா?" என்றார். டாக்டர் கம்பிகளைப் பின்னால் இழுத்துவிட்டு, குழாய் வழியாக, இறுக்கத்தைத் தளர்த்தும் நிமோடிபின் மருந்து கொஞ்சம் கொடுத்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். ஐந்து நிமிடம். கேத் லேப்பில் ஐந்து நிமிடம் சும்மா நிற்பது எவ்வளவு நீளம் என்று நின்றவர்களுக்குத் தெரியும். மறுபடி சாயம் விட்டபோது முக்கால்வாசி விரிந்திருந்தது.

எப்போது இது மேல்: தலைக்குள் இருக்கும் பெரிய குழாய், ஆனால் வயதானவர்களின் வளைந்து நெளிந்த தமனி வழியே தடித்த உறிஞ்சு குழாய் மேலே ஏற மறுக்கிறது. வலை மெல்லிய பிளாஸ்டிக் குழாயில் போய்விடும். உறிஞ்சி வராத கட்டிக்கும் இதுதான்.

## உறிஞ்சு குழாய்: ஆஸ்பிரேஷன்

இதில் கட்டியைத் துளைக்க வேண்டியதில்லை. சுமார் இரண்டு மில்லிமீட்டர் தடித்த மெத்தென்ற குழாயைக் கட்டியின் முகத்துக்குக் கொண்டுபோய், பம்பைப் போட்டு, கட்டி வாயில் ஒட்டிக்கொண்டதும் பின்னால் இழுப்பது. நீராகாரத்தில் ஸ்ட்ரா போட்டுச் சோற்றுப் பருக்கை அடைத்துக்கொண்டால் உறிஞ்சிப் பிடித்தபடி வெளியே எடுப்போமே, அது.

ஓட்டை ஆபத்து இதில் குறைவு என்று நினைப்பதற்கு நியாயம் இருக்கிறது. கம்பி எப்போதும் கட்டியைத் தாண்ட வேண்டியதில்லை. வலையின் வெளித்தள்ளலும் இல்லை. ஆனால் "சுவரைத் தொடாத முறை" என்று விற்பனைப் பிரதிநிதிகள் சொல்வதை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். தடித்த குழாய் வளைவுகளில் உரசிக்கொண்டுதான் ஏறுகிறது. வாய் கட்டியில் படாமல் சுவரில் பட்டால் சுவரையே உறிஞ்சிப் பிடிக்கும். விலங்குச் சோதனைகளில் உறிஞ்சிய இடத்திலும் உள்பூச்சு உரிந்ததைப் பார்த்திருக்கிறார்கள்.

பலனில் இரண்டும் ஏறத்தாழச் சமம். 2017-இல் பிரான்சின் ஆஸ்டர் ஆய்வில் 381 பேர்: குழாய் திறந்தது உறிஞ்சலில் 85.4 சதவீதம், வலையில் 83.1. 2019-இல் அமெரிக்காவின் காம்பஸ் ஆய்வில் 270 பேர்: மூன்று மாதம் கழித்துத் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தவர்கள் உறிஞ்சலில் 52 சதவீதம், வலையில் 50. அதாவது "வலைதான் நல்லதா, உறிஞ்சுவதா?" என்று படிவத்தைப் பிடித்துக்கொண்டு வாதாடுவதில் பயனில்லை. டாக்டருக்குக் கை பழகிய முறை எதுவோ அதுவே நல்ல முறை.

மறைந்திருக்கும் செலவு: உறிஞ்சல் தனியாக முடிந்தால் மலிவு. முடியாவிட்டால் வலையையும் பிரிக்க வேண்டும். எல்லாமே ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சாமான். ஒவ்வொரு கவரைக் கிழிக்கும்போதும் பில் ஏறும். இதை முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை என்பது குடும்பங்களின் மனக்குறை, நியாயமான மனக்குறை.

## இரண்டும் சேர்த்து

வலையை விரித்து, உறிஞ்சு குழாயை அதன் முகத்தில் வைத்து, இரண்டையும் சேர்த்தே இழுப்பது. கட்டியின் துண்டுகள் சிதறி வேறு கிளைக்குப் போவது குறையும் என்பது எதிர்பார்ப்பு. 2021-இல் ஆஸ்டர் 2, 405 பேர்: கிட்டத்தட்ட முழுமையாகத் திறந்தது சேர்த்துச் செய்தவர்களில் 64.5 சதவீதம், வலை மட்டும் போட்டவர்களில் 57.9. வித்தியாசம் இருக்கிற மாதிரி தெரிந்தாலும் புள்ளியியல்படி உறுதியில்லை. செலவு மட்டும் உறுதியாகக் கூடும்.

## எத்தனை இழுப்பு: உண்மையான கணக்கு இங்கே

எந்தக் கருவி என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் குழாய்ச் சுவருக்கு முக்கியம். முதல் இழுப்பிலேயே முழுசாகத் திறந்தவர்கள், அதே குழாய் மூன்றாவது நாலாவது இழுப்பில் திறந்தவர்களைவிட நன்றாகத் தேறுகிறார்கள். ஒவ்வொரு இழுப்பும் ஏற்கெனவே உரிந்த இடத்தையே மறுபடி உரசுகிறது, நேரமும் போகிறது. மூன்றைத் தாண்டினால் பலன் தேய்ந்து கசிவு கூடுவதைப் பல ஆய்வுகள் சொல்கின்றன. "இதுக்கு மேல இழுக்க வேண்டாம்" என்று நிறுத்துகிற டாக்டர் கைவிட்டுவிட்டார் என்று பொருளில்லை.

ஒரே இழுப்பில் வருமா என்பதில் கட்டியின் குணத்துக்கும் பங்குண்டு. எடுத்த கட்டியை உப்புநீரில் அலசிக் காஸ் துணியில் வைப்போம். சில நாவல்பழத் தோல் மாதிரி கருஞ்சிவப்பு; சிவப்பணுக்கள் நிறைந்தது, மெத்தென்று இருக்கும், சீக்கிரம் வரும். சில வெந்த ஜவ்வரிசி மாதிரி வெளிறி, கிள்ளினால் ரப்பராக எதிர்க்கும், ஃபைப்ரின் என்ற நார்ப்புரதம் நிறைந்தது. இந்த இரண்டாவது வகைதான் எல்லாரையும் வியர்க்க வைக்கிறது. சிலவற்றை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் குழாயின் உள்பூச்சுச் செல்களும் கூடவே ஒட்டி வந்திருக்கும்.

## கட்டிக்கு அடியில் பழைய கொழுப்பு இருந்தால்

மேற்கத்திய நாடுகளின் எண்களை அப்படியே நமக்குப் பொருத்த முடியாத இடம் இது. இதயத்திலிருந்தோ கழுத்திலிருந்தோ கிளம்பி வந்து அடைத்த கட்டி ஒரு வகை. மூளைக் குழாயின் சுவரிலேயே வருஷக்கணக்கில் கொழுப்பு படிந்து ஒடுங்கி, அதன் மேல் ரத்தம் உறைந்தது இன்னொரு வகை. இரண்டாவது ஆசியர்களிடம் அதிகம், நம்மிடமும்தான். சர்க்கரை, பிரஷர், பீடி மூன்றும் உள்ளவர் என்றால் டாக்டர் இதை மனதில் வைத்தே உள்ளே போவார்.

இங்கே வலை போட்டு இழுத்தால் கட்டி வரும், குழாய் திறக்கும், பத்து நிமிடத்தில் மறுபடி மூடும். கொழுப்பு மேட்டின் மேல்தோலை உரித்துவிட்டால் அந்தப் புண்ணில் தட்டணுக்கள் ஓடிவந்து ஒட்டுவது இயற்கை. அதனால்தான் திறந்த பிறகும் டாக்டர் கொஞ்ச நேரம் காத்திருந்து இன்னொரு படம் எடுக்கிறார். மறுபடி மூடினால் அடுத்த படிகள்: டிரோஃபிபன் மாதிரி, தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் மருந்து, பலூன், கடைசியாக நிரந்தர ஸ்டென்ட்.

நிரந்தர ஸ்டென்டின் விலை பில்லில் மட்டும் இல்லை. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்த்து மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும். ஏற்கெனவே ஊசி போட்டு, மூளையும் கொஞ்சம் செத்திருக்கும் நிலையில் இத்தனை ரத்தம் இளக்கும் மருந்து என்றால் கசிவு ஆபத்து கூடத்தான் செய்யும். நடுவில் பல் பிடுங்குவதற்காக யாரையும் கேட்காமல் மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும்.

## ஒரே பார்வையில்

| வழி | பெரிய குழாயைத் திறக்கும் தெம்பு | சுவருக்கு என்ன | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| ஊசி மட்டும் | நீளக் கட்டியில் குறைவு | உரசல் இல்லை. நுண்குழாய் தளரும் | காத்திருந்து போகும் நேரம் | சிறு கிளை, லேசான அறிகுறி |
| வலை | அதிகம் | உள்பூச்சு உரிதல், ஸ்பாசம், இழுபடுதல் | ஒவ்வொரு வலைக்கும் தனி பில் | நெளிந்த குழாய், உறிஞ்சி வராத கட்டி |
| உறிஞ்சல் | அதிகம் | வளைவில் உரசல், சுவர் உறிஞ்சப்படுதல் | தோற்றால் வலையும் வாங்க வேண்டும் | குழாய் நேராக, முகம் எட்டும் கட்டி |
| இரண்டும் | அதிகம் | இரண்டின் காயமும், இழுப்பு குறையலாம் | இரட்டைச் சாமான் | பெரிய, சிதறக்கூடிய கட்டி |
| பலூன், ஸ்டென்ட் | மறுபடி மூடும் குழாய்க்கு | சுவரோடு நிரந்தர உலோகம் | மாதக்கணக்கில் இரட்டை மாத்திரை | கொழுப்பு ஒடுக்கம் |

## சரி, சம்மதிப்பதா?

பெரிய குழாய், ஆறு மணி நேரத்துக்குள் என்றால் என் பதில் ஆமாம். தயக்கமே இல்லை. 2015-இல் அடுத்தடுத்து வந்த ஐந்து ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து, 1287 பேரை வைத்துப் போட்ட கணக்கு: கட்டியை எடுத்தவர்களில் 46 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் தன் காலில் நின்றார்கள், மருந்து மட்டும் என்றால் 26.5. மூளைக்குள் மோசமான கசிவு எடுத்தவர்களில் 4.4 சதவீதம், மருந்து மட்டும் என்றால் 4.3. இந்தக் கடைசி இரண்டு எண்களைச் சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள். மேலே சொன்ன உரசல், உரிதல், ஸ்பாசம் எல்லாம் நடந்த பிறகும் கிடைத்த எண்கள் இவை.

ஆறு மணி நேரம் தாண்டிவிட்டாலோ, தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தாலோ, மூளையில் இன்னும் காப்பாற்ற இடம் இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்துவிட்டு 24 மணி நேரம் வரை செய்யலாம். 2018-இல் வந்த டான் ஆய்வில் அப்படித் தேர்ந்தெடுத்தவர்களில் தன் காலில் நின்றவர்கள் 49 சதவீதம், எடுக்காதவர்களில் 13.

"ஊசியைத் தவிர்த்துவிட்டு நேராக எடுக்கலாமா, கசிவாவது குறையுமே?" என்று படித்துவிட்டுக் கேட்பவர்களும் உண்டு. ஆறு ஆய்வுகளின் 2313 பேரைச் சேர்த்து 2023-இல் பார்த்தார்கள். ஊசியைத் தவிர்த்தால் நஷ்டமில்லை என்று நிரூபிக்க முடியவில்லை. தகுதி இருந்தால் ஊசியும் போடுங்கள், எடுக்கவும் விடுங்கள்.

## சேலத்திலா, கோயம்புத்தூருக்கா?

சேலத்தில் நீங்கள் நிற்கும் ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரும் கேத் லேப்பும் அந்த நேரத்தில் தயாராக இருந்தால், இங்கேயே. கோயம்புத்தூர் 160 கிலோமீட்டருக்கு மேல், பெங்களூரு சுமார் 200. மூன்று, நாலு மணி நேரம் கட்டியோடு பயணம் செய்யும் குழாய், முன்பே சொன்ன மாதிரி, தளர்ந்துகொண்டே போகிறது. பெரிய ஊர், பெரிய பெயர் என்பது அந்த நேர நஷ்டத்தை ஈடுகட்டாது.

டாக்டர் இல்லை என்றால் கணக்கு வேறு. ஊசியை இங்கே போட்டுவிட்டு, அதை ஏற்றிக்கொண்டே அனுப்பச் சொல்லுங்கள். ஸ்பெயினின் கட்டலோனியாவில் ஊர்ப்புறத்து நோயாளிகளை வைத்து 2022-இல் வந்த ஆய்வில், பக்கத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுவிட்டு அனுப்பியதற்கும் நேராகப் பெரிய மையத்துக்குக் கொண்டுபோனதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. அங்கே வேகம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் நேரம் விழுங்குவது சாலையைவிட, ஆஸ்பத்திரிக்கு உள்ளேயே. எனக்குத் தெரிந்த ஒரு இடத்தில் டிஸ்சார்ஜ் சம்மரி டைப் அடித்து முடிக்க ஐம்பது நிமிடம் உட்காரவைத்தார்கள். ஸ்கேன் சிடியும் ஊசி போட்ட நேரம் எழுதிய ஒரு துண்டுச் சீட்டும் போதும். மீதி வாட்ஸ்அப்பில் வரட்டும்.

மலையிலிருந்து வருகிறவர்கள் 108-ஐக் கூப்பிடும்போதே "பக்கவாதம்" என்று சொல்லுங்கள். கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதை ஒருவராவது சரியாக நினைவில் வையுங்கள். நாகலூர்க் குடும்பம் முதலில் எண்ணெய் தேய்க்கிற வைத்தியரிடம் போய் ஒரு மணி நேரம் விட்டது. அந்த ஒரு மணி நேரத்துக்கு எந்த வலையும் இல்லை.

பணம்: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், கையெழுத்துப் போடும்போதே இன்னொருவரைக் காப்பீட்டுக் கவுன்டருக்கு அனுப்புங்கள். எது அதில் வரும், எத்தனை சாமானுக்கு வரும் என்று அங்கேதான் தெரியும். அதற்காக உள்ளே போவதை நிறுத்தி வைக்க வேண்டாம்.

## எடுத்த பிறகு பயப்பட வேண்டியதும் வேண்டாததும்

மறுநாள் காலை சிடி ஸ்கேனில் வெள்ளைத் திட்டு தெரிந்ததும் பாதிக் குடும்பங்கள் அழுதுவிடுகின்றன. எல்லா வெள்ளையும் ரத்தமில்லை. தளர்ந்த குழாய் வழியே வெளியே வந்த சாயமும் வெள்ளையாகத்தான் தெரியும். ஓரிரு நாளில் மறைந்துவிடும். மறையாமல் பரவினால்தான் ரத்தம்.

பிரஷரை ஒரேயடியாகக் குறைப்பதும் தப்பு. பொதுவாக மேல் எண்ணை 180-க்குள் வைப்பார்கள். குழாய் திறந்ததும் 120-க்குக் கீழே தள்ளினால் கசிவு குறையும் என்று நினைத்துச் சீனாவில் ஆய்வு செய்தார்கள். 2022-இல் முடிவு வந்தது. அப்படித் தள்ளப்பட்டவர்கள் மோசமாகத்தான் தேறினார்கள். ஐசியுவில் மானிட்டரில் 150 பார்த்துவிட்டு நர்ஸோடு சண்டை போடாதீர்கள்.

தொடையில் துளையிட்ட இடம் நீலம் பாரித்தால் பெரும்பாலும் தானே வற்றும். புடைத்துக்கொண்டே போனாலோ, கால் சில்லிட்டாலோ உடனே கூப்பிடுங்கள்.

நாகலூர் அப்பா மூன்று மாதம் கழித்து செக்கப்புக்கு வந்தார். பேச்சு திரும்பிவிட்டது, சொற்கள் மட்டும் சில சமயம் கைக்கு எட்டாமல் நழுவுகின்றன. காபிக்கொட்டை பொறுக்க வலது கைதான், கொஞ்சம் மெதுவாக. எம்ஆர் ஆஞ்சியோவில் (ரத்தக்குழாய்களைக் காட்டும் எம்ஆர்ஐ) வலை விரிந்த இடத்தில் லேசான ஒடுக்கம். டாக்டர் ஆஸ்பிரினையும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேடினையும் தொடரச் சொல்லி, ஒரு வருஷம் கழித்து மறுபடி படம் எடுக்கலாம் என்றார்.

மகள் வெளியே வந்து என்னிடம் கேட்டார்: "இது அன்னைக்கு இழுத்ததால வந்ததா அண்ணா, இல்ல முன்னாடியே இருந்ததா?"

அன்றைய படங்களை எடுத்துப் பார்த்தேன். முதல் படத்தில் அந்த இடத்தில் ரத்தமே இல்லை. கடைசிப் படத்தில் ஸ்பாசம் முழுசாக விடவில்லை. இரண்டிலுமே பதில் இல்லை. அதையே அவரிடம் சொன்னேன்.